டேக் ஆஃப்: கழற்றுவதற்கும் கிளம்புவதற்கும் ஒரே சொல்

அவைத் தலைவர் அவர்களே, இந்த மண்டபத்தை மன்றத்திற்கு மனமுவந்து தந்த ஊராட்சித் தலைவர் அவர்களே, பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் வழங்கிய விழாக் குழுவினரே, ஷிப்ட் முடிந்து நேராக இங்கே வந்து அமர்ந்திருக்கும் திருப்பூர்த் தோழர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

'டேக் ஆஃப்' என்னும் ஆங்கில வினையின் பொருள்கள், நம் பிள்ளைகள் அதில் தடுமாறும் காரணம், அதற்கு நம் நூலகம் செய்ய வேண்டியது என மூன்றைப் பற்றிப் பேச வந்தேன்.

செருப்பைக் கழற்றினால் டேக் ஆஃப். பீளமேட்டில் விமானம் மேலெழுந்தாலும் டேக் ஆஃப். விலையில் தள்ளுபடி கழித்தாலும், ஒரு நாள் விடுப்பு எடுத்தாலும், ஒருவரைப் போல நடித்துக் காட்டினாலும், ஒரு சரக்கு திடீரென்று சூடு பிடித்து விற்றாலும் அதே சொல்தான். 1755இல் வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சன், வினையோடு சிறுசொல் சேர்ந்து பொருள் மாறும் இவ்வகைதான் அயலாருக்குப் பெருந்தொல்லை என்று எழுதி, டேக் ஆஃப் என்பதையும் சான்றாகக் காட்டினார்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நான் மேடைதோறும் சொல்வதுண்டு. எனக்குத் தெரிந்த ஒரு பனியன் கம்பெனியில், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த தம்பி, ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவர். 'லேபிளை டேக் ஆஃப் செய்யுங்கள்' என்று சரக்கு வாங்கும் பையரிடமிருந்து மெயில் வந்தது; தம்பி பிரித்தெடுக்கச் சொன்னார், சரியாக நடந்தது. அடுத்த வாரம், 'கோடு போட்ட ஸ்டைல் டேக்கன் ஆஃப்' என்று வந்தது. ஆர்டரிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள் என்று எண்ணி, தம்பி கட்டிங்கை நிறுத்தச் சொல்ல, மேசையில் அடுக்கடுக்காக விரித்திருந்த துணியைக் கட்டிங் மாஸ்டர் சுருட்டி வைத்துவிட்டார். பையரோ, அந்த ஸ்டைல் அமோகமாக விற்கிறது, இன்னும் அனுப்புங்கள் என்ற மகிழ்ச்சியில் எழுதியிருந்தார்! சரக்கு எங்கே என்று அவர் கேட்டபோதுதான் முதலாளிக்கே விஷயம் தெரிந்தது.

தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். நம் தமிழிலும் இப்படி உண்டு. 'கண்டுபிடி' என்பதில் காண்பதும் பிடிப்பதும் தனித்தனியாக இல்லை. 'கதை விடுகிறான்' என்றால் யாரும் எதையும் கையிலிருந்து விடுவதில்லை. இதைக் காட்டித் தமிழிலேயே விளக்கியிருந்தால் அவருக்கு அரை மணி நேரம் போதும். பொருளை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். ஏட்டுச் சுரைக்காய் ஆயிற்று.

ஆகவே என் கோரிக்கை நூலகத்தைப் பற்றியது. ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு வெளியே வருபவருக்கு நம் கிளை நூலகத்தின் பூட்டுதான் தெரிகிறது. வாரத்தில் இரண்டு நாளாவது இரவு பத்து வரை திறந்து வைத்து, ஆங்கிலத்தைத் தமிழ் வழியே சொல்லித் தர ஓர் ஆசிரியரை அமர்த்தி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியத்தை எட்டும் உயரத்தில் வைக்க வேண்டும். மாவட்ட நூலக ஆணைக்குழுவிற்கான மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையொப்பமிட்ட பிறகே வீட்டுக்குக் கிளம்புமாறு உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.