கடலை அடைத்த சுவர்

நேயர்களுக்கு வணக்கம்.

கோட்டை முற்றுகை என்றதும் பீரங்கி, ஏணி, இடிந்து சரியும் மதில், இவைதான் நம் கண்ணுக்கு வரும். இன்று நான் பேசப்போகும் ஊரின் மதில் கடைசிவரை நின்றது. ஆனால் உள்ளே இருந்தவர்களுக்குச் சாப்பிட ஒன்றுமில்லை. பள்ளியில் வரலாறு நடத்திய காலத்திலிருந்தே என் மனதை விட்டு நீங்காத ஊர் இது. பிரான்ஸின் மேற்குக் கரையில் இருக்கிற லா ரொஷேல்.

1598-இல் நான்ட் நகரில் பிறந்த அரசாணை, ஹியூகனோக்கள் என்ற சீர்திருத்தக் கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை தந்தது. கோட்டையூர்கள் சிலவற்றையும் அவர்கள் கையில் விட்டுவைத்தது. அவற்றுள் வலியது லா ரொஷேல். கத்தோலிக்கரான மன்னர் 13-ஆம் லூயிக்கும் அவருடைய அமைச்சர் கர்தினால் ரிஷ்லியூவுக்கும் இது பொறுக்கவில்லை. 1627 செப்டம்பரில் முற்றுகை தொடங்கியது.

நிலப்பக்கம் அகழி வெட்டி, காவல் அரண் கட்டி வளைத்தாயிற்று. ஆனால் துறைமுக ஊரை நிலத்தில் மட்டும் வளைத்து என்ன பயன்? கடல் வழியாக ஒரு கப்பல் தானியம் வந்தால் போதுமே, ஊர் பிழைத்துக்கொள்ளும். கடலை எப்படி அடைப்பது?

கொஞ்சம் உங்கள் இரு கைகளையும் முன்னால் நீட்டி, விரல் நுனிகளைத் தொட்டும் தொடாமலும் வையுங்கள். மார்புதான் ஊர். கைகளுக்கு நடுவே இருப்பது விரிகுடா. விரல் நுனிகள் சேர்கிற இடத்தில்தான் ரிஷ்லியூ சுவர் எழுப்பினார். நம் கடற்கரை ஊர்களில் தூண்டில் வளைவு போடுவதைப் பார்த்திருப்பீர்கள், லாரி லாரியாகக் கல்லைக் கொட்டிக்கொண்டே போவார்கள். லாரியும் கிரேனும் இல்லாத காலத்தில், ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு அதைச் செய்தார்கள். மெத்தசோ என்ற கட்டடக் கலைஞரும் திரியோ என்ற கொத்தனாரும் வகுத்த திட்டம். மரத்தூண்களை அடித்து, கல்லை நிரப்பி, பழைய கப்பல்களில் கல்லேற்றி மூழ்கடித்தார்கள். நடுவில் ஓர் இடைவெளி விட்டார்கள். அதைத்தான் நான் திரும்பத் திரும்ப வியக்கிறேன். முழுக்க அடைத்திருந்தால் ஏறி இறங்கும் நீர் சுவரையே பெயர்த்திருக்கும். கடல் வந்து போக வழி விட்டு, கப்பலுக்கு மட்டும் வழியை மூடினார்கள்.

வெளியே சுவர் வளர வளர, உள்ளே உணவு குறைந்தது. புயல் நாளில் மூன்று நாள் கடை திறக்கவில்லை என்றாலே நம் அடுப்பங்கரை என்ன பாடுபடுகிறது! அங்கே மாதக்கணக்கு. குதிரை, நாய், பூனை தீர்ந்தபின் தோலை வேகவைத்துத் தின்றார்கள். முதியவர்கள், பெண்கள், குழந்தைகள் எனப் பலரை ஊரே வெளியே அனுப்பியது. அரச படை அவர்களை விடவில்லை, ஊரும் மறுபடி கதவைத் திறக்கவில்லை. இரண்டு கோடுகளுக்கும் நடுவில் கிடந்து செத்தார்கள். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் என்னால் சட்டென்று அடுத்த பக்கத்துக்குப் போக முடிவதில்லை.

உதவி வராமலில்லை. இங்கிலாந்தின் பக்கிங்ஹாம் பிரபு எதிரே இருந்த ரே தீவைப் பிடிக்கப்பார்த்து, 1627 நவம்பரில் தோற்றுத் திரும்பினார். 1628 மே மாதம் வந்த ஆங்கிலக் கப்பற்படை அந்தச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. ஆகஸ்டில் பக்கிங்ஹாமே போர்ட்ஸ்மத்தில் குத்திக் கொல்லப்பட்டார். இலையுதிர் காலத்தில் வந்த படையும் சுவரைக் கடக்க முடியவில்லை.

நகரத் தலைவர் ழான் கித்தோன் கட்டாரியைப் பளிங்கு மேசையில் குத்தி, சரணடைவு பற்றி யார் பேசினாலும் இதுதான் என்றாராம். அந்தக் கதையை விரிவாகச் சொல்ல ஆசைதான். ஆனால் நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள்.

1628 அக்டோபர் 28. ஊர் பணிந்தது. ஏறக்குறைய 27,000 பேரில் 5,000 பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். உயிருக்கு மன்னிப்பு உண்டு, வழிபாடும் தொடரலாம். தன்னாட்சி போயிற்று, நிலப்பக்க மதிலை இடித்தார்கள். முற்றுகையின்போது ஊருக்குள்ளேயே இருந்த, எழுபது வயது தாண்டிய ஹியூகனோப் பிரபுகுலப் பெண் ரோஹான் சீமாட்டி கேதரீனும் அவர் மகளும் சிறைக்குப் போனார்கள். அவர்களைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும். ஊர் பணிந்த சில நாட்களிலேயே புயல் வந்து சுவரின் ஒரு பகுதியை உடைத்துப் போட்டது. மிச்சக் கற்கள் இன்றும் நீர் வற்றும்போது வெளியே தெரிகின்றன.

வணக்கம்.