கையெழுத்துப் போட்டவர் யார்?

நடுவர் அவர்களே, கிருஷ்ணகிரிப் பெருமக்களே, வணக்கம்.

நலிந்த நிறுவனத்தைத் தூக்கி நிறுத்துவது தலைமையா, தொழிலாளரா என்பது தலைப்பு. தலைமையே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன், "நாற்காலியில் உட்கார்ந்தவரா லேத் ஓட்டினார்?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். நானும்தான் தட்டினேன். ஓட்டியது தொழிலாளி, சரி. ஆனால் கம்பெனி மூழ்கியபோதும் அதே தொழிலாளிதானே ஓட்டிக்கொண்டிருந்தார்?

ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் சிறிய கம்பெனி ஒன்றில் 11 வருடம் தரப் பரிசோதனை பார்த்தேன். ஒரு கட்டத்தில் சம்பளம் 2 மாதம் தள்ளிப்போனது. ரிஜெக்ட் ஆன பீஸ்களைப் போடும் சிவப்புத் தொட்டி மதியத்துக்குள் நிறைந்துவிடும். அந்த நேரத்தில்தான் புது மேலாளர் வந்தார். தன் அறைக்குள் போகவில்லை. நேரே அந்தத் தொட்டிக்கு வந்தார். பீஸ்களை எடுத்துத் துணியால் எண்ணெயைத் துடைத்து, எது எத்தனை மணிக்கு விழுந்தது என்று என் பதிவேட்டைப் பார்த்து மேசையில் அடுக்கினார். காலையில் முதலில் ஓடியவை கொஞ்சம், டீ முடிந்து வந்தவை கொஞ்சம், சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம். நடுவில் ஓடியவற்றில் குறையே இல்லை.

மெஷின் ஓட்டும் அண்ணனைக் கூப்பிட்டு ஸ்டூலில் உட்காரவைத்து, ஏன் இப்படி என்று கேட்டார்.

"நின்னா மெஷின் ஆறிடுது சார். திரும்ப எடுத்தா முதல் அஞ்சாறு பீஸ் சைஸ் விலகும். கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு அப்புறம் பீஸை மாட்டணும். சும்மா ஓடினா திட்டுவாங்களேன்னு மாட்டிடுறோம்."

பல வருடமாக அவருக்கு இது தெரியும்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. தினமும் அந்தத் தொட்டியை எண்ணியவள் நான். எண்ணினேனே தவிர, கேட்கவில்லை. மறுநாள், மெஷினை நிறுத்தி எடுத்தால் முதல் 10 நிமிடம் சும்மா ஓட்டலாம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பலகையில் ஒட்டினார் மேலாளர். அந்தக் கையெழுத்தைப் போடும் அதிகாரம் தொழிலாளிக்குக் கிடையாது, நடுவர் அவர்களே.

பெரிய நிறுவனங்களிலும் இதுதான் கதை. பழைய தஞ்சை மாவட்டத்துக் கருவேலியில் பிறந்த வி. கிருஷ்ணமூர்த்தி, டிப்ளமா படித்துத் தொழில்நுட்ப வேலையில் தொடங்கியவர். மின் உற்பத்திக் கருவிகள் செய்யும் பெல், கார் செய்யும் மாருதி என்று நடத்திவிட்டு 1985-இல் செயில் உருக்கு நிறுவனத்துக்குத் தலைவரானார். ஆலை ஆலையாகப் போய்த் தொழிலாளரோடும் சங்கங்களோடும் உட்கார்ந்து பேசினார். எதை முதலில் சரிசெய்வது என்ற பட்டியல் அந்தப் பேச்சிலிருந்துதான் பிறந்தது.

ஜப்பான் ஏர்லைன்ஸ் 2010 ஜனவரியில் திவாலானது. 78 வயதுத் தொழிலதிபர் கசுவோ இனாமோரி, சம்பளமே வாங்காமல் தலைமைப் பொறுப்பை ஏற்றார். விமானத் தொழில் அவருக்குப் புதிது. ஒவ்வொரு சின்னப் பிரிவும் தன் வரவு செலவைத் தானே பார்க்கும்படி கணக்கைப் பிரித்துக் கொடுத்தார். 2012 செப்டம்பரில் அந்த நிறுவனம் மறுபடி பங்குச் சந்தைக்கு வந்தது.

"அங்கே சுமார் 16,000 பேர் வேலை போனதே?" என்று எதிரணித் தங்கை கேட்டார். போனது, தங்கச்சி. அந்த வீடுகளில் அடுப்பு எப்படி எரிந்தது என்று நினைத்தால் எனக்கும் நெஞ்சு அடைக்கிறது. அதற்கும் தலைமைதான் பதில் சொல்ல வேண்டும். கண்ணீருக்குத் தலைவரைக் கைகாட்டிவிட்டு, மீண்டு எழுந்ததற்கு மட்டும் அவரை விட்டுவிடுவது என்ன நியாயம்?

கடைசியாக ஒன்று. எங்கள் பக்கத்து ஷெட்டிலும் அதே லேத், அதே மாதிரி ஆட்கள். அந்த வருடமே அதைப் பூட்டினார்கள். அங்கிருந்து 4 பேர் எங்களிடம் வந்து சேர்ந்தார்கள். முதல் வாரத்திலிருந்தே அருமையாக வேலை செய்தார்கள். எதிரணி அண்ணன் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: அந்த 4 பேருக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தபோது உழைக்கத் தெரியாமலா போயிற்று?

நன்றி, வணக்கம்.