வரியைக் குறைத்தால் யாருக்கு மிச்சம்?

சபையோர் அனைவருக்கும் வணக்கம்.

வரிச்சலுகைகளை நீடித்தால் பொருளாதாரம் வளருமா, சாதாரண சனத்துக்கு நன்மை உண்டா என்று பேச அழைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இந்த விவாதம் இருபது வருடத்துக்கும் மேலாக நடக்கிறது. 2001இலும் 2003இலும் கொடுத்த வரிக் குறைப்புகள் 2010 முடிவோடு காலாவதியாக வேண்டியவை. முதலில் இரண்டு வருடம் நீடித்தார்கள், பிறகு பெரும்பகுதியை நிரந்தரமாக்கினார்கள். 2017இல் இன்னொரு சட்டம். கம்பனி வரி 35 சதவீதத்திலிருந்து 21க்கு இறங்கியது, அதற்குத் தவணை இல்லை. தனிமனிதர்களுக்கான குறைப்புக்கு மட்டும் 2025 கடைசி வரை தவணை வைத்தார்கள். அந்தத் தவணை முடியுமுன், 2025 ஜூலையில், அதை நீடிக்கும் சட்டமும் வந்துவிட்டது. பத்து வருடத்தில் இது பற்றாக்குறையை ஏறத்தாழ 3.4 டிரில்லியன் டொலரால் கூட்டும் என்று அந்நாட்டுக் காங்கிரசின் வரவுசெலவு அலுவலகம் மதிப்பிட்டது. அதே சட்டம் ஏழைகளின் மருத்துவ உதவியையும் உணவு உதவியையும் வெட்டியதால் ஆக அடித்தட்டில் இருக்கும் குடும்பங்களுக்கு நட்டம், மேல்தட்டுக்கே பெரிய லாபம் என்றும் அந்த அலுவலகம் கணக்குக் காட்டியது.

அமெரிக்கா தன் சொந்த நாணயத்தில் கடன் வாங்குகிற நாடு. டொலரை உலகமே சேமித்து வைக்கிறது. அதனால் வரியைக் குறைத்த வலி அங்கே மெதுவாகத்தான் தெரியும். இலங்கையில் எங்களுக்கு அந்த வசதி இல்லை. எங்களுக்கு இரண்டரை வருடத்தில் தெரிந்துவிட்டது.

2019 நவம்பரில் ஆட்சி மாறியது. அந்த மாதம் முடிவதற்குள் வரிக் குறைப்பு அறிவிப்பு வந்தது. பொருள், சேவைகளின் விலையோடு சேர்த்து அறவிடும் வற் (VAT) வரி டிசம்பர் 1ஆம் திகதி முதல் 15இலிருந்து 8 சதவீதம். வியாபார விற்பனை மீது 2 சதவீதமாக இருந்த தேசக் கட்டுமான வரி இல்லை. சம்பளத்தில் மாதாமாதம் கழித்துக்கொண்ட வரியும் இல்லை. வருடம் 30 இலட்சம் ரூபா வரை உழைப்பவர் வருமான வரி கட்டத் தேவையில்லை. அன்றைக்குப் பலரும் அதை வரவேற்றார்கள். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு வியாபாரம் படுத்திருந்தது. மக்கள் கையில் காசு புழங்கினால் கடைகள் எழும்பும் என்று சொல்லப்பட்டபோது நம்பத்தான் தோன்றியது.

யார் கையில் காசு புழங்கியது என்று கொஞ்சம் நின்று பார்ப்போம். அந்தக் குறைப்புக்கு முன்பே, மாதம் ஒரு இலட்சம் ரூபாவுக்குக் கீழ் சம்பளம் வாங்கியவர் வருமான வரி கட்டவில்லை. அப்போது தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. கட்டுநாயக்கவில் ஆடை தைக்கிற பிள்ளைக்கும், புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிற நாட்டாமைக்கும், வெள்ளவத்தையில் துணிக்கடையில் நிற்கிற தங்கச்சிக்கும் அந்த வருமான வரிக் குறைப்பால் ஒரு சதமும் கிடைக்கவில்லை. கிடைத்தது மேலே இருந்தவர்களுக்கு. எவ்வளவு மேலே இருந்தார்களோ அவ்வளவு கூடக் கிடைத்தது.

சரி, வற் வரி எல்லோருக்கும் குறைந்ததே என்பீர்கள். ஏழைக் குடும்பம் அதிகம் செலவழிக்கிற அரிசிக்கும் பாணுக்கும் அன்றைக்கு வற் வரியே கிடையாது, ஆகவே குறைய ஒன்றும் இருக்கவில்லை. இன்னொரு மாற்றத்தைப் பலர் கவனிக்கவில்லை. வருடத்துக்கு 12 மில்லியன் ரூபா வியாபாரம் செய்பவர் வற் வரிக்குப் பதிய வேண்டும் என்றிருந்த எல்லையை 300 மில்லியனாக உயர்த்தினார்கள். ஒரே அறிவிப்பில் ஆயிரக்கணக்கான வியாபாரங்கள் இறைவரித் திணைக்களத்தின் பதிவேட்டிலிருந்து வெளியே போய்விட்டன. வரி வீதத்தை ஒரு வர்த்தமானி அறிவித்தலால் திரும்ப ஏற்றலாம். பதிவேட்டிலிருந்து போனவர்களைத் திரும்பக் கொண்டுவர வருடக்கணக்காகும்.

2019இல் ஏறத்தாழ 1,735 பில்லியன் ரூபாவாக இருந்த அரசின் வரி வருமானம் 2020இல் 1,217 பில்லியனாக விழுந்தது. கொரோனாவும் ஒரு காரணம்தான், அதை மறைக்கக் கூடாது. ஆனால் 2021இல் பொருளாதாரம் திரும்ப வளர்ந்தது. வளர்ந்த அந்த வருடத்திலும் வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீதத்தைத் தொடவில்லை. குறைத்த வரி வளர்ச்சியாகத் திரும்பி வந்து திறைசேரியை நிரப்பும் என்ற வாதம் அங்கேயே உடைந்துவிட்டது.

எனக்கு மிகவும் மனம் வருந்துகிற இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. ஒரு நாடு கடனைத் திருப்பிக் கட்டுமா என்று மதிப்பிடும் கடன் தரமிடும் நிறுவனங்கள் 2020இலேயே இலங்கையைத் தரம் இறக்கின. வெளிநாட்டுச் சந்தையில் புதுக் கடன் எடுக்கும் வழி அடைபட்டது. அந்த வருட நவம்பரில் வரவுசெலவுத் திட்டம் வந்தபோது 8 சதவீத வற் வரியை அப்படியே நீடித்தார்கள். அடுத்த வருடமும் அப்படியே விட்டார்கள். கொடுத்த சலுகையை எடுத்தால் வாக்குப் போய்விடும் என்ற பயம்! பற்றாக்குறையை மத்திய வங்கி காசு அச்சடித்து நிரப்பியது. விளைச்சலைக் குறைத்த இரசாயன உரத் தடை, முன்பே குவிந்திருந்த டொலர் கடன் என்று வேறு காரணங்களும் சேர்ந்தன. ஆனால் கையில் வருமானம் இருந்திருந்தால் அவற்றைத் தாங்க ஒரு பிடிமானம் இருந்திருக்கும்.

2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவுக்குப் போனது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. செப்டம்பரில் கொழும்பில் உணவு விலைகள் முந்தைய வருடத்தை விட ஏறத்தாழ 95 சதவீதம் கூடியிருந்தன. கொட்டாஞ்சேனையில் காஸ் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி இரவிரவாக வரிசையில் வைத்த சனம் இந்தச் சபையில் இருக்கிறது. எரிபொருள் வரிசைகளில் நின்ற இடத்திலேயே உயிர்விட்ட வயோதிபர்களும் உண்டு. வருமான வரி ஒருநாளும் கட்டியிராத வீடுகள், பணவீக்கம் என்ற பெயரில் கட்டிய வரி அது. அதற்கு விலக்களிப்பு எல்லை கிடையாது, மீளளிப்பும் கிடையாது.

அப்புறம் எல்லாம் திரும்ப ஏறியது. வற் வரி 2022 ஜூனில் 12, செப்டம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 சதவீதம். முன்பு விலக்கு இருந்த பெற்றோலும் சமையல் எரிவாயுவும் அந்த 18க்குள் வந்தன. குறைத்தபோது வசதியானவர்களுக்குப் பெரிதாகக் குறைந்தது, ஏற்றியபோது எல்லோரையும் பிடித்தது.

ஊழியர் சேமலாப நிதியத்துக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகளின் கையிலிருந்த ரூபா முறிகளை, அதாவது அரசு கடன் வாங்கிக் கொடுத்த பத்திரங்களை, தொடாமல் விட்டார்கள். தொழிலாளரின் ஓய்வுகாலப் பணம் இருந்த நிதியங்களோ பழைய முறிகளைக் கொடுத்து, நீண்ட தவணையில், 2026 முதல் 9 சதவீத வட்டி தரும் புதிய முறிகளை வாங்க வேண்டி வந்தது. சம்மதிக்காவிட்டால் அந்த நிதியங்களின் வருமானத்துக்கு 14க்குப் பதில் 30 சதவீத வரி என்று சட்டம் வந்தது. 2019இல் பெரிய வருமானக்காரருக்கு விட்டுக்கொடுத்த வரியின் ஒரு பங்கை, தேயிலை கொய்கிற அம்மா தன் முதுமைக்குச் சேர்த்த காசிலிருந்து கட்டுகிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. உங்களுக்கும் வர வேண்டும்.

எந்த வரிக் குறைப்பும் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 2023இல் மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல் சம்பளம் வாங்கியவர்களிடம் 36 சதவீதம் வரை படிப்படியாக ஏறும் வரியைப் போட்டபோது மருத்துவர்களும் விரிவுரையாளர்களும் தெருவில் இறங்கினார்கள், பலர் நாட்டை விட்டே போனார்கள். 2025 ஏப்ரலில் அந்த எல்லையை ஒன்றரை இலட்சமாக உயர்த்தியது நியாயம். விலைவாசி அவ்வளவு ஏறிவிட்டது. அடுத்த குறைப்பு வற் வரியில் வர வேண்டும், சமையல் எரிவாயுவிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான பணத்தை எங்கே எடுப்பது என்று கேட்டால் கொழும்பு காலிமுகத்திடலுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே கடலை நிரப்பி உருவாக்கிய துறைமுக நகரத்துக்காக 2021இல் நிறைவேற்றிய சட்டம், தெரிவுசெய்யப்பட்ட முதலீடுகளுக்கு 40 வருடம் வரை வரிவிலக்குக் கொடுக்க இடம் விட்டது. சம்பளக்காரரின் சலுகையை அடிக்கடி திருத்துகிறோம். இவர்களுடைய சலுகை ஒரு தலைமுறைக்கு நீடிக்கலாம்.

இப்படியான விலக்குகளால் போகிற வருமானத்தை நிதி அமைச்சு கணக்கிட்டு வெளியிடுகிறது. இந்த வருட வரவுசெலவுத் திட்டம் வாசிக்கப்படும்போது, உங்கள் தொகுதி உறுப்பினரிடம் அந்தக் கணக்கைக் கேளுங்கள். எந்தச் சலுகை எந்த வருடம் முடிகிறது, அதனால் எத்தனை வேலைகள் வந்தன என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

நேரம் இருக்கிறது. கேள்விகள் இருந்தால் கையை உயர்த்துங்கள்.