காதலையும் நட்பையும் ஆராயப் போகிறவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

நெருங்கிய உறவுகளின் உளவியல் என்று இளநிலை வகுப்பில் ஒரு பாடம் எடுத்திருக்கிறேன் என்று சொன்னால், "இதுக்கெல்லாம் ஒரு பாடமா?" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1975-இல் அமெரிக்க செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மயரும் இதைத்தான் கேட்டார். எலன் பெர்ஷைட், எலைன் ஹாட்ஃபீல்டு இருவரின் காதல் ஆய்வுக்கு அரசு 84,000 டாலர் கொடுத்தது வீண்செலவு என்று சொல்லி, பணம் கொடுத்த நிறுவனத்துக்கு ஒரு கேலி விருதே அறிவித்தார். காதலைப் புரியாத புதிராகவே விட்டுவிடலாம் என்பது அவர் வாதம். உறவு முறிந்து நொந்துபோய் நிற்கும் ஒருவரிடம் போய் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது.

சரி, இந்தப் பாடத்தில் எது முக்கியம்? குழந்தைகளின் பற்றை ஆராய்ந்த பௌல்பி, எயின்ஸ்வொர்த் என்று பெயர்களை மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிடலாம். நீங்களே ஒரு கேள்வி கேட்டு, நீங்களே தகவல் திரட்டி, வந்த விடையோடு மல்லுக்கட்டும்போதுதான் பாடம் உங்களுடையதாகிறது. அதனால் சுயமாக ஆய்வு செய்யும் வாய்ப்பு கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

பலரும் "காதல் ஏன் முறிகிறது?" என்ற கேள்வியோடு வருகிறார்கள். அது பல ஆய்வாளர்களின் ஆயுளையே கேட்கும் கேள்வி, ஒரு பருவத்தில் முடியாது. சின்னதாகக் கேளுங்கள். நாம் ஒரு நல்ல செய்தி சொல்லும்போது எதிரில் இருப்பவர் உற்சாகமாகக் கேட்டால் அன்றைக்கு நெருக்கம் கூடியதாகத் தோன்றுகிறதா? ஷெல்லி கேபிளும் அவருடைய குழுவினரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு ஏறக்குறைய இதைப் பற்றியதுதான். நண்பர்களிடையே இது எப்படி, அக்கா தம்பிக்குள் எப்படி என்று நீங்கள் பார்க்கலாம். கருவியும் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. 1987-இல் ஹேசனும் ஷேவரும் உள்ளூர் நாளிதழ் ஒன்றில் ஒரு கேள்வித்தாளை அச்சிட்டார்கள். அதில் நெருங்கிப் பழகும் விதங்களை விவரிக்கும் மூன்று சிறு பத்திகளைக் கொடுத்து, எது உங்களுக்குப் பொருந்துகிறது என்று கேட்டிருந்தார்கள். குழந்தை தாயிடம் கொள்ளும் பற்றைப் பற்றிய கோட்பாட்டைப் பெரியவர்களின் காதலுக்குக் கொண்டுவந்த ஆய்வு அது. ஆர்தர் ஏரனும் மற்றவர்களும் 1992-இல் கொடுத்த அளவுகோலோ வெறும் ஏழு ஜோடி வட்டங்கள்தான், ஒன்றையொன்று எவ்வளவு மூடியிருக்கிறது என்பதை வைத்து நெருக்கத்தைக் குறிக்கச் சொல்வது.

அப்புறம், இந்தத் துறைக்கே உரிய ஒரு சிக்கல். ஐம்பது தம்பதிகளிடம் கேட்டால் நூறு தனித்தனி மனிதர்கள் கிடைத்துவிட்டதாக எண்ணக்கூடாது. கணவரின் பதிலில் மனைவியின் சாயல் இருக்கும், மனைவியின் பதிலிலும் அப்படித்தான். அதைக் கணக்கில் எடுக்கவே டேவிட் கென்னி போன்றவர்கள் தனிப் பகுப்பாய்வு முறைகளை வகுத்தார்கள். புள்ளியியல் பயம் இருந்தால், தகவல் திரட்டும் முன்பே ஆசிரியரிடம் போய் உட்காருங்கள், திரட்டி முடித்த பிறகு போனால் பெரும்பாலும் பயன் இருக்காது.

எனக்கு மிகவும் அக்கறையான விஷயம் சம்மதம். ஒரு பெண் தன் காதலனைப் பற்றிப் பதில் எழுதும்போது, அந்த ஆளின் வாழ்க்கையும் உங்கள் கைக்கு வருகிறது, அவரோ எதிலும் கையெழுத்துப் போடவில்லை. "உங்கள் உறவில் திருப்தியாக இருக்கிறீர்களா?" என்ற ஒற்றைக் கேள்வி, அதுவரை அதை யோசிக்காத ஒருவரை இரவெல்லாம் யோசிக்க வைத்துவிடும். வகுப்புத் தோழர்களிடம் கேட்கும்போது, மறுக்கத் தயங்கித் தலையாட்டுபவர்களும் இருப்பார்கள். மனிதர்களிடம் செய்யும் ஆய்வுகளை முன்கூட்டியே பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வெறும் காகிதச் சடங்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சொந்தக் காயத்திலிருந்து தலைப்பு பிறப்பதில் தப்பே இல்லை, பல நல்ல கேள்விகள் அங்கிருந்துதான் வருகின்றன. ஆனால் என்ன முடிவு வந்தால் உங்கள் எண்ணம் பொய் என்று ஒப்புக்கொள்வீர்கள் என்பதை முதலிலேயே எழுதிவிடுங்கள். திருப்தியாக இருப்பவர்கள் அதிகம் பேசுகிறார்கள் என்று தெரிய வந்தால், பேச்சால் திருப்தி வந்ததா திருப்தியால் பேச்சு வந்ததா என்பது அந்த ஒரு கணக்கெடுப்பில் தெரியாது. அதையும் அறிக்கையில் தைரியமாகச் சொல்லுங்கள், கல்லூரி மாணவர்களிடம் மட்டுமே கேட்டிருந்தால் அதையும்.

இந்த வாரமே உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். யாரிடம் கேட்கப் போகிறீர்கள், அவர் வேண்டாம் என்று சொல்ல எப்படி இடம் கொடுப்பீர்கள் என்பதை அதற்குக் கீழே எழுதுங்கள். அந்தத் தாளோடு உங்கள் வழிகாட்டியைப் போய்ப் பாருங்கள்.