சூடு மட்டும் போதாது
(மேலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், கோழி வாத்து வளர்ப்போர் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

கூடையில் தவிடு பரப்பி, கரித்துண்டும் இரும்பாணியும் காய்ந்த மிளகாயும் போட்டுக் கோழியை அடைக்கு வைக்கும் முறையை மதுரைச் சீமையில் யாருக்கும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கோழிக்கு 21 நாள், நாட்டு வாத்துக்கு 28, கூஸ் என்று நாம் சொல்லும் பெருவாத்துக்கு ஏறத்தாழ 30, மணிலா வாத்துக்கு 35 என்ற கணக்கும் உங்களுக்குத் தெரியும். முட்டைக்கு எப்போது சூடு கொடுக்கக் கூடாது என்பதைப் பறவை அறிந்திருக்கும் நுட்பத்தைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

பெருவாத்து பெரும்பாலும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் முட்டையிடும். பத்து முட்டை சேர ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். முதல் முட்டையிலேயே அது அமர்ந்துவிட்டால், மூத்த குஞ்சு தண்ணீரில் இறங்கும் நாளில் கடைக்குட்டி இன்னும் ஓட்டுக்குள்ளேயே இருக்கும். ஆகவே, இட்ட முட்டையைச் சருகால் மூடிவிட்டு மேயப் போய்விடுகிறது. சூடு படாத முட்டையில் கரு வளர்வதுமில்லை, உடனே சாவதுமில்லை; காத்துக் கிடக்கிறது. ஈடு, அதாவது ஒரு சுற்று முட்டை, இட்டு முடியும் தறுவாயில் தன் நெஞ்சுத் தூவியைப் பறித்துக் கூட்டில் பரப்பித் தாய் அமர்கிறதே, அன்றைக்குத்தான் எல்லா முட்டைக்கும் நாள் கணக்குத் தொடங்குகிறது. ஆண் அடையில் அமராது. கழுத்தை நீட்டிச் சீறிக் காவல் நிற்கும்.

சிவகங்கை மாவட்டத்துப் பறவைக் காப்பிடமான வேட்டங்குடிக் கண்மாயில் இதற்கு நேர்மாறானதைக் காணலாம். தீபாவளிக்கும் வெடி வெடிக்காமல் அவ்வூர் மக்கள் காத்துவரும் அந்த மரங்களில், கொக்கும் வக்கா எனும் இராக்கொக்கும் ஈடு முடியும்வரை காத்திராமல் அடையில் அமர்ந்துவிடுவதால், ஒரே கூட்டில் மூத்ததும் இளையதுமாகக் குஞ்சுகள் இருக்கும். இரை குறைந்த ஆண்டில் இளையது பிழைப்பது அரிது.

என் சொந்தத் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். அடையில் இருந்த பெருவாத்தை நாய் கடித்துக் கொன்றுவிட்டது. ஏழு முட்டைகளையும் அட்டைப்பெட்டியில் வைத்துப் பல்பு மாட்டினேன், வெப்பம் 37.5 பாகை செல்சியசிலிருந்து விலகாமல் இரவும் பகலும் பார்த்துக்கொண்டேன். ஆனால் ஒருநாளும் முட்டையைத் திருப்பிவைக்கவில்லை. கடைசியில் உடைத்துப் பார்த்தபோது, ஐந்தில் கரு உட்சவ்வோடு ஒட்டிக்கொண்டு மடிந்திருந்தது. தாய் இருந்திருந்தால் நாளில் பல முறை அலகால் உருட்டியிருக்கும். இந்த உருட்டல் அதன் உடம்பிலேயே ஊறியது. சாம்பல்நிறக் காட்டுப் பெருவாத்தைக் கவனித்து விலங்கு நடத்தை ஆய்வாளர்களான லோரன்ஸும் டின்பெர்கனும் 1938இல் எழுதினார்கள்: கூட்டுக்கு வெளியே உருண்ட முட்டையை அது அலகின் அடிப்புறத்தால் இழுக்கும்போது நடுவில் முட்டையை எடுத்துவிட்டாலும், வெறும் அலகைக் கூடுவரை இழுத்துக்கொண்டு போய்த்தான் நிறுத்துகிறது.

ஈரக்கணக்கும் உண்டு. ஓட்டின் நுண்துளைகள் வழியே முட்டை நாளுக்கு நாள் நீரை இழந்து எடை குறைகிறது; அதனால் அகன்ற முனையில் விரியும் காற்றறையில்தான் குஞ்சு முதல் மூச்சை இழுக்கிறது. நீர் மிகுதியாக வற்றினாலோ, சவ்வு காய்ந்து குஞ்சைப் பிடித்துக்கொள்ளும். தாய் எழுந்துபோய் நீந்திவிட்டு நனைந்த இறகோடு திரும்பும் அந்தச் சிறுபொழுது முட்டையைக் கெடுப்பதில்லை. பொரிப்பானில் வைப்போர் நாள்தோறும் சற்று ஆறவிட்டு வெதுநீர் தெளிப்பது அதைப் பார்த்துத்தான்.

நம் கண்மாய்க் கரைக்குச் சித்திரை வெயிலில் போய்ப் பாருங்கள். ஆள்காட்டிக் குருவி, குட்டையில் வயிற்றை நனைத்து, கூழாங்கற்களிடையே கிடக்கும் தன் நான்கு முட்டைகளிடம் ஓடிவருகிறது. நீர் சொட்டும் இறகால் அவற்றைத் தொட்டுவிட்டு, அமராமல், அவற்றின்மேல் நிழலாக நிற்கிறது.