எந்தப் பாதி கிடைத்தாலும் போதும்

நேயர்களுக்கு வணக்கம்.

பிளாக்செயின் என்பது பலரிடம் ஒரே நேரத்தில் இருக்கும் கணக்குப் பேரேடு. யாரையும் நம்பாமல் நாமே சரிபார்க்கலாம் என்பது அதன் பலம். செலவும் அங்கேதான் ஏறுகிறது. 2009 ஜனவரியில் தொடங்கிய பிட்காயின் பேரேடு இன்று 500 ஜிபியைத் தாண்டிவிட்டது. பேரேட்டின் பக்கங்கள் போன்ற பழைய பிளாக்குகளைச் சரிபார்த்த பிறகு அழித்துவிடும் வசதி 2015-லேயே வந்துவிட்டது. ஆனால் எல்லோரும் அழித்துவிட்டால், புதிதாகச் சேரும் கணினிக்கு அவற்றை யார் தருவது?

சரி, பங்கு போட்டு வைத்துக்கொள்வோம். 100 கணினிகள், 1 ஜிபி தரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் முழுதாக வைத்தால் மொத்தம் 100 ஜிபி. 50 துண்டாக வெட்டித் துண்டுக்கு இரண்டு நகல் வைத்தால் 2 ஜிபி போதும். ஆனால் ஒரே துண்டை வைத்திருக்கும் இரண்டு கணினிகள் நின்றுபோனால் அந்தத் துண்டு போனது போனதுதான்.

இங்கேதான் ரீட், சாலமன் என்ற இரு கணித அறிஞர்கள் 1960-ல் தந்த முறை கைகொடுக்கிறது. 3, 5 என்ற இரண்டு எண்களை வரிசையாக வையுங்கள். அதே சீரில் நீட்டினால் அடுத்து 7, 9. இந்த நான்கில் எவை இரண்டு மிஞ்சினாலும், அவை எத்தனையாவது இடத்தில் இருந்தன என்று தெரிந்தால், மற்ற இரண்டையும் கணக்குப் போட்டே எடுத்துவிடலாம். அதேபோல் 50 துண்டுகளை 100 ஆக நீட்டி, ஆளுக்கு 20 எம்பி கொடுக்கிறோம். மொத்தம் அதே 2 ஜிபிதான். ஆனால் எந்த 50 கணினிகள் நின்றாலும் தரவு முழுதாகத் திரும்பும். அதே செலவில் இவ்வளவு பாதுகாப்பு என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

யாராவது துண்டைத் திருத்திக் கொடுத்தால்? ஒவ்வொரு துண்டுக்கும் ஹேஷ் எனும் கைரேகை உண்டு, ஒப்பிட்டால் தெரிந்துவிடும். ஒளித்து வைத்தால்? தரவை மீட்க முடியாமல் செய்யப் பாதிக்கு மேல் ஒளிக்க வேண்டும். அப்படி ஒளித்த பிறகு, குலுக்கல் முறையில் 20 துண்டுகளைக் கேட்டுப் பார்க்கும் ஒருவரிடம் சிக்காமல் தப்பும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. எத்திரியம் எனும் மற்றொரு பிளாக்செயின் 2025 டிசம்பரில் கொண்டுவந்த பீர்டாஸ் எனும் தரவுச் சரிபார்ப்பு முறை இந்த வழியில்தான் நடக்கிறது. நீட்டிய தரவு 128 துண்டுகளாகப் பிரியும். எந்த 64 கிடைத்தாலும் போதும். ஆனால் அந்தத் தரவு சுமார் 18 நாட்களுக்குத்தான் இருக்கும், அது நிரந்தரச் சேமிப்பு அல்ல.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. தொலைந்த ஒரு 20 எம்பி துண்டை மறுபடி உருவாக்க, வேறு 50 துண்டுகளை, அதாவது 1 ஜிபியை, பதிவிறக்க வேண்டும். சேமிப்பு வட்டில் மிச்சப்படுத்தியதை இணைய இணைப்பில் செலவழிக்கிறோம். கணினிகள் அடிக்கடி வந்து போகும் வலைப்பின்னலில் இது பெரிய சுமை. அதனால்தான் அபூர்வமாகப் படிக்கப்படும் பழைய பிளாக்குகளுக்கு இந்த முறையைப் பரிந்துரைக்கிறேன். ஒவ்வொரு பிளாக்கிலும் மாறிக்கொண்டே இருக்கும் இருப்புக் கணக்கை முழுதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.