தலைகீழாய்ப் படித்த பையன்

அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையை அணிசெய்யும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியப் பெருமக்களே, வேண்டாம் என்று மறுத்தும் கேளாமல் எனக்குப் பொன்னாடை போர்த்திவிட்ட வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, இம்மண்டபத்தை வாடகையின்றித் தந்துதவிய அரிசி ஆலை உரிமையாளர் ஐயா அவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

பெருந்தொற்றில் பள்ளிகள் பூட்டியதன் விளைவை எழுத்து, இடைநிற்றல், இளவயதுத் திருமணம் என மூன்றாகப் பகுத்துப் பேச வந்திருக்கிறேன். முதலில் எழுத்து. ‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்’ என்றார் ஔவையார். 2020 மார்ச்சில் பூட்டிய நம் தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன; உகாண்டாவில் எல்லா வகுப்புகளும் திறக்க 2022 ஜனவரி ஆயிற்று. ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளில் எளிய பத்தியைப் படித்துப் பொருளுணர இயலாத பத்து வயதுப் பிள்ளைகள் 57 விழுக்காட்டிலிருந்து 70 விழுக்காடாகப் பெருகியிருக்கக்கூடும் என்று உலக வங்கியும் யுனெஸ்கோவும் பிறவும் 2022இல் கணித்தன.

பள்ளி வாசலை மிதிக்காமலே இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்ட ஒரு பையனிடம், மாலை வகுப்பில் பாடநூலைக் கொடுத்தேன். அவன் அதைத் தலைகீழாகத் திருப்பிக்கொண்டான். நான் நேராக்கினேன், மறுபடி திருப்பினான். மூன்று முறை நான் திருப்ப, மூன்று முறையும் அவன் திருப்ப, “நேராத்தான் சார் வெச்சிருக்கேன்” என்று சலித்துக்கொண்டு, தலைகீழ்ப் புத்தகத்தில் ‘பட்டம்’, ‘மரம்’ என்று தட்டுத் தடங்கலின்றிப் படித்தான்! சிரிக்காதீர்கள், நானும் சிரித்துவிட்டுத்தான் விசாரித்தேன். வீட்டுக்கு ஒரே கைப்பேசி, அதையும் அப்பா செங்கல் சூளைக்கு எடுத்துச் சென்றுவிடுவார். ஆகவே அக்காவே ஆசிரியை. திண்ணையில் அவனுக்கு எதிரே அமர்ந்து, தன் மடியில் சிலேட்டை வைத்து எழுதிக் காட்டியிருக்கிறாள். அவன் கண்ணுக்கு எழுத்தெல்லாம் தலைகீழ், கைப்பழக்கமும் அப்படியே.

தமிழகத்து ஊரகப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வொன்று, பள்ளி திறந்து ஆறு மாதத்தில் கற்றல் இழப்பின் மூன்றில் இரு பங்கு மீண்டதென்றும், அம்மீட்சியில் ஏறத்தாழக் கால் பங்கு ‘இல்லம் தேடிக் கல்வி’ மாலை வகுப்புகளால் வந்ததென்றும் கண்டது. மாலை என்பதைக் கவனியுங்கள். அந்தத் திண்ணைக்கு எதிரிலேயே ஊர்ப்புற நூலகம் இருக்கிறது. பிள்ளை வீடு திரும்பும் வேளையில் அதற்குப் பூட்டு! நாப்பழக்கத்துக்குப் புத்தகமும், கைப்பழக்கத்துக்கு ஒரு மேசையும், எட்டு மணிவரை ஒரு விளக்கும் போதாதா?

இடைநிற்றலையும் திருமணத்தையும் பேச நேரமில்லை என்று தலைவர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். நூலக நேரத்தை நீட்டிக்கக் கோரும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. பேனாவும் கட்டி வைத்திருக்கிறோம்.